சோழர் கீழ்த்தட்டில், முகலாயர் மேல்தட்டில்

அரிசிக் கடைக்காரரிடம் யாரும் "இந்த அரிசியை எந்த ராஜா சாப்பிட்டார்?" என்று கேட்பதில்லை, கைவினைப் பொருள் கடையில் நிற்பவளிடம் கட்டாயம் கேட்பார்கள்.

எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் கடைசி வரைக்கும் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம், தேக்கா மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அப்படி ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். வெண்கலச் சிலைகள், தஞ்சாவூர்ப் படங்கள், கல் சிற்பங்கள், ஜெய்ப்பூரிலிருந்து வரும் முகலாய பாணிச் சித்திரங்கள், கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதித்த பீதர் பெட்டிகள் என்று கடை நிறைய சாமான். கனமானவை கீழே, இலேசானவை மேலே. அதனால் எங்கள் கடையில் சோழர்கள் கீழ்த்தட்டு, முகலாயர்கள் மேல்தட்டு. வரலாற்றுப் பேராசிரியர்கள் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முழங்கால் வலி வந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே சிரித்த முகத்தோடு வியாபாரம் பார்த்த அத்தனை பேருக்கும் நான் சொல்லப்போவது விளக்கமில்லாமலே புரியும்.

நேர்முகத் தேர்வு

எங்கள் முதலாளி பெயர் சதாசிவம். கும்பகோணத்துக்காரர். இளம் வயதில் கப்பலேறி வந்து இங்கேயே குடிமகனாகிவிட்டவர். நான் டைப்பிங் சர்டிபிகேட்டோடு அவர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, அதை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "சோழருக்கும் பல்லவருக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பார்ப்போம்" என்றார். நான் படித்தது கான்வென்ட்டில். அங்கே எங்களுக்குத் தெரிந்த ராஜாக்கள் எல்லாரும் இங்கிலாந்து ராஜாக்கள். எட்டாம் ஹென்றியின் மனைவிமார் பெயர்களை வேண்டுமானால் வரிசையாகச் சொல்லட்டுமா என்று கேட்கலாமா என யோசித்து, வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று கடையைச் சுற்றிக் கையை வீசினார். "கல்லுன்னா பல்லவர். வெண்கலம்னா சோழர். கல்லுலயே நகை நட்டு எல்லாம் பொடிப்பொடியா செதுக்கியிருந்தா ஹொய்சாளர். படத்துல தங்கம் ஒட்டியிருந்தா தஞ்சாவூர் மராட்டியர். தாடி வச்ச ஆள் ரோஜாப்பூவை மோந்துட்டு நின்னா முகலாயர். ஆனா ஒண்ணு, நம்ம கடையில எல்லாமே புதுசு, பாணி மட்டும்தான் பழசு. அதைச் சொல்லாம யாருக்கும் விக்கக் கூடாது." வேலை கிடைத்துவிட்டது என்று புரிந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இவ்வளவு அக்கறையாகக் கேட்டவரிடம் நாமும் ஒரு கேள்வி கேட்போமே என்று, "பாண்டியர் சார்?" என்றேன்.

அவர் திரும்பி ஒவ்வொரு தட்டாக மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல் சொன்னார்: "பாண்டியர் இப்ப ஸ்டாக்ல இல்லம்மா."

காலடியில் கிடப்பவன்

எங்களுக்கு வந்த சுற்றுப்பயணிகளில் ஆஸ்திரேலியர்கள்தான் அதிகம். ஒரு நாள் ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாளுக்கு நடராஜரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வாங்கத் தீர்மானித்துக் குனிந்தவர், நடராஜரின் காலடியில் கிடக்கிற முயலகனைப் பார்த்துவிட்டார். முகம் மாறிவிட்டது. "ஒரு குழந்தையை மிதித்துக்கொண்டு ஆடுகிறாரே!" என்றார். குழந்தை இல்லை, அது அறியாமை, அறியாமையை அடக்கிவிட்டுத்தான் ஆட்டம், சோழர் காலத்துக் கலைஞர்கள் அதை இப்படி வடித்தார்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். அவர் மனம் இளகவில்லை. அந்தக் குட்டி ஆளை மட்டும் எடுத்துவிட்டு ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார்.

அதுவரை பேசாமல் மின்விசிறிக்கு அடியில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர், மெதுவாக வந்து குனிந்து முயலகனை உற்றுப் பார்த்தார். பிறகு பர்ஸை எடுத்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "அவன் அங்கேயே இருக்கட்டும். பார்க்க அப்படியே உன் தம்பி மாதிரி இருக்கான்."

கடாரம்

முதலாளியிடம் ஒரு பழக்கம் உண்டு. சின்னக் குங்குமச் சிமிழ் வாங்கினாலும் அதன் வம்ச வரலாற்றைக் கேட்காமல் வாடிக்கையாளர் வாசலைத் தாண்ட முடியாது. ஒருமுறை கேலாங் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். ஹம்சா என்று பெயர். கூட வேலை பார்க்கும் தமிழரின் மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வேண்டுமாம். சொந்த ஊர் எது என்று முதலாளி விசாரிக்க, அவர் மலேசியாவில் கெடா என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கெடாவா! எங்க சோழ ராஜா கடல் கடந்து வந்து ஜெயிச்ச ஊராச்சே அது! கடாரம்னு கல்வெட்டுலயே இருக்கு. ஸ்ரீவிஜயத்து ராஜாவோட ரத்தினத் தோரண வாசலைக்கூட விடலையே, அதையும் எடுத்துட்டு வந்துட்டாங்க!" என்று மலாயிலேயே அடுக்கினார். கல்யாணப் பரிசு வாங்க வந்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது? விளக்கை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்றே நினைத்தேன். ஹம்சா பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். விளக்கைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார்.

"அந்த வாசலைத் திருப்பிக் கேட்க மாட்டேன், பயப்படாதீங்க. விளக்குக்கு டிஸ்கவுண்ட் மட்டும் குடுங்க லா."

லிஃப்ட் நிற்காத மாடி

தேக்காவைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அடுக்குமாடி வீடு கிடைத்து ஆங் மோ கியோ, பிடோக் என்று புது நகர்களுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். சுந்தரி டீச்சர் என்று ஒரு நடன ஆசிரியை. ஆங் மோ கியோவில் வீட்டு ஹாலிலேயே வகுப்பு ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லி, இடுப்பளவு உயர நடராஜர் ஒன்று வாங்கினார். கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு. மணியம் அண்ணன், லாரி ஓட்டுநர், நான் மூன்று பேரும் போனோம். மணியம் அண்ணன்தான் எங்கள் கடையில் சாமான் கட்டுகிறவர். அவர் கட்டினால் கப்பலிலிருந்து கீழே போட்டாலும் உடையாது என்பார்கள். நடராஜரைச் சுற்றி இருக்கும் தீச்சுடர் வட்டமான திருவாசியைக் கழற்றித் தனியாகக் கட்டியிருந்தோம். அதைத் தூக்குவது என் வேலை.

லிஃப்டுக்குள் நடராஜரை ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அந்த பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. டீச்சர் வீடு இரண்டு நிறுத்தத்துக்கும் நட்ட நடுவில். மேலே போய் இறங்குவதா, கீழே இறங்கி ஏறுவதா என்று விவாதம் நடந்து, இறக்குவது சுலபம் என்று மேலே போனோம். சுலபமில்லை. படியில் மணியம் அண்ணனின் ரப்பர் செருப்பு வழுக்கியது. நடராஜர் மொத்தமாகச் சாய்ந்தார். லாரிக்காரர் முதுகைக் கொடுத்துத் தாங்கினார். மூன்று பேரும் மூச்சே விடாமல் அப்படியே சுவரோடு சுவராக நின்றோம்.

அந்த நேரத்தில் கீழிருந்து ஒரு சீன ஆன்ட்டி மார்க்கெட் கூடையோடு ஏறி வந்தார். வழியில்லை. கோணித் துணி விலகி நடராஜரின் கைகள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆன்ட்டி கூடையை இறக்கி வைத்து, எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், நடராஜரைப் பார்த்தார். அவர் மலாயில் சொன்னதைக் கேட்டு, அந்த நிலையிலும் மணியம் அண்ணன் சிரித்துவிட்டார்: "நாலு கை இருக்கு இவருக்கு. ஒரு கை குடுக்கச் சொல்லுங்க லா!"

மூக்குத்தி போட்ட மாதா

என் பெயர் ஸ்டெல்லா. கத்தோலிக்கக் குடும்பம். தினமும் காலையில் பார்வதியையும் நடராஜரையும் துடைத்து வைப்பது என் வேலை என்பது எங்கள் தேவாலயப் பங்கில் மாதா சபைத் தலைவியாக இருந்த திரேசம்மா அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் என் அம்மாவைப் பிடித்துக்கொள்வார். "சிங்கப்பூர்ல வேற வேலையா இல்ல, பிள்ளையைச் சிலை விக்க விட்டிருக்கே?" அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். காரணம், அந்தச் சமயம் எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் திரேசம்மா அக்காவுக்கு வேண்டியவர்கள். அக்கா ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், வரன் தட்டிப்போய்விடும். "இந்த மாசத்தோட நின்னுடுடி" என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. மாப்பிள்ளையை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. வேலையும் பிடித்திருந்தது. இரண்டில் ஒன்று என்றால் என்ன செய்வது?

அந்த வாரமே எங்கள் பங்குச் சாமியார் ஃபாதர் இருதயநாதன் கடைக்குள் நுழைந்தார். புகார் அவர் வரைக்கும் போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ஜெய்ப்பூரிலிருந்து புதிதாக ஒரு கட்டுப் படங்கள் வந்திருந்தன. அதைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு படத்தில் நின்றுவிட்டார். முகலாயர் பாணியில் பூ வேலை செய்த ஓரம். நடுவில் திண்டில் சாய்ந்து ஒரு தாய், நீல முக்காடு, மூக்கில் சின்ன முத்து, மடியில் குழந்தை. தாய்க்கும் குழந்தைக்கும் தலையைச் சுற்றி ஒளிவட்டம். முதலாளி ஓடி வந்தார். "முகலாயப் பாதுஷா அரண்மனைக்கு உங்க சாமியாருங்க மாதா படம் கொண்டு போனாங்க ஃபாதர். பாதுஷா பார்த்துட்டு ரொம்ப ஆசைப்பட்டு, தன்னோட ஓவியர்களை விட்டு அதே மாதிரி வரையச் சொன்னாரு. அந்தப் பாணியில இப்ப வரைஞ்சது இது." ஃபாதர் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு படம் பங்கு மண்டபத்தில் மாட்டியிருந்தது. "நம்ம ஸ்டெல்லா வேலை பார்க்கிற கடையில கிடைச்சது" என்று ஃபாதர் எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தனை தலைகளும் திரும்பின. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். திரேசம்மா அக்கா படத்துக்கு நேராகப் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். குழந்தையைப் பார்த்தார், முக்காட்டைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூக்கைப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அம்மா பக்கம் திரும்பி வந்தார்.

"மாதாவுக்கே மூக்குத்தி எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு. உன் பொண்ணு மூக்கு மட்டும் ஏன் மொட்டையா இருக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள குத்திவிடு."

ஹூக்கா பிடித்த சோழன்

ஒரு நாடகக் குழு சோழ மன்னன் கதை ஒன்று போட்டது. மேடைக்குச் சாமான் வேண்டும் என்று இயக்குநர் வந்து கேட்டார். வம்சம் என்றாலே முதலாளி உருகிவிடுவார், இரவல் தராமல் இருப்பாரா? விளக்குகள், செம்புகள், கல் யானை எல்லாம் எடுத்துக் கொடுத்தோம். இயக்குநர் போகிற போக்கில் "பார்க்க கம்பீரமா இருக்கு" என்று பீதர் வேலைப்பாட்டு ஹூக்கா ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வரிசையில் முதலாளி, பக்கத்தில் நான். திரை விலகியது. சோழ மன்னன் அரியணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஹூக்காக் குழாயை வாயில் வைத்து, சேனாதிபதியிடம் போர்ச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தான். முதலாளி வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. இடைவேளை மணி அடித்ததும் மேடைக்குப் பின்னால் பாய்ந்தார். "யோவ், புகையிலையே இந்தியாவுக்கு எத்தனை நூற்றாண்டு கழிச்சு வந்தது தெரியுமாய்யா? பீதர் வேலை பாமனி சுல்தான் காலத்துது! சோழன் எப்படிய்யா இதைப் பிடிப்பான்?" என்று கத்தினார். மன்னர் வேஷம் கட்டியவர் குழாயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார்.

இயக்குநர் ஒட்டுமீசைக்குப் பசை தடவுவதை நிறுத்தவே இல்லை. "அண்ணே, அடுத்த சீன்ல ராஜா செத்துப் போறாரு. புகையிலை பிடிச்சதாலன்னு சொல்லிடறேன், விடுங்க."

தங்கக் குழந்தை

ஜாலான் புசாரில் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கும் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவர் எங்கள் கடைக்கு வந்து போவார். பித்தளைப் பூட்டு விஷயமாக முதலாளிக்கும் அவருக்கும் பழக்கம். ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த தஞ்சாவூர்ப் படத்துக்கு முன்னால் அசையாமல் நின்றுவிட்டார். வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன். கொழுகொழுவென்று கன்னம், உடம்பு முழுக்கத் தங்க ரேக்கு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, இப்போதுதான் மனைவி முழுகாமல் இருப்பதாக எங்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். தினமும் இப்படி ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதே மாதிரி பையன் பிறப்பான் என்று அவருக்கு நம்பிக்கை. நாயக்கரும் மராட்டியரும் தஞ்சாவூரில் இந்தக் கலையை வளர்த்த கதையை முதலாளி சொல்லச் சொல்ல, அவர் காது கொடுக்கவே இல்லை. படத்தைக் கட்டி வாங்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார்.

அதன்பிறகு பல மாதம் ஆள் வரவில்லை. ஏதாவது ஆகியிருக்குமோ என்று நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளப் பயந்தோம். ஒரு மத்தியானம் சிவப்புச் சாயம் பூசிய முட்டை டப்பாவோடு வந்து நின்றார். அவர்கள் வழக்கப்படி அது பிறந்த குழந்தைக்கு முழு மாதம் ஆனதற்கு அடையாளம். பையனா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். பெண். முகத்தைப் பார்த்தால் ஏமாற்றமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக உள்ளே போய், தங்கப் புடவை கட்டித் தாமரையில் உட்கார்ந்திருக்கும் லட்சுமி படத்தை இறக்கச் சொன்னார்.

"அந்தக் குண்டுப் பையன் பொய் சொல்லிட்டான் லா. ஆனா வந்தவ அவனைவிட அழகு, அதனால அவனுக்குத் துணைக்கு இது."

போலீஸ் வந்த சண்டை

துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற இரண்டு பேர், ராமையாவும் கருப்பையாவும். சேர்ந்தே கோப்பி குடிப்பார்கள், சேர்ந்தே நாலு நம்பர் லாட்டரி எடுப்பார்கள். இன்னொரு நண்பருக்குப் புதுவீட்டுப் பரிசு வாங்க வந்தார்கள். வெண்கல அம்மன் ஒன்றை எடுத்து முதலாளி "சோழர் பாணி" என்றதும் ராமையா, "எங்க தாத்தா தஞ்சாவூரு" என்று மீசையைத் தடவிக்கொண்டார். கருப்பையாவின் தாத்தா மதுரைக்காரர். "சோழன் என்ன பெரிய சோழன்? கடைசியில எங்க பாண்டியன்கிட்ட அடி வாங்கி ஓடினவன்தானே" என்றார். இருவருமே சிங்கப்பூரில் பிறந்தவர்கள். இந்தியாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் குரல் ஏறிக்கொண்டே போனது. பாண்டியன் வந்து சோழன் அரண்மனையை இடித்தது, அங்கே கழுதை பூட்டி உழுதது என்று கருப்பையா அடுக்க, ராமையா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். சண்டை கடைவாசல் நடைபாதைக்கே போய்விட்டது.

ரோந்து வந்த மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் யாரோ மலாயில் சொன்ன, அரண்மனையை இடித்தார்கள் என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. யார் கட்டடம், எங்கே, எப்போது இடித்தார்கள் என்று என்னிடம் விசாரித்தார். நான் வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்: இந்தியாவில், எழுநூறு வருஷத்துக்கு முன்னால். அவர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"கம்ப்ளெய்ன்ட் குடுக்க ரொம்ப லேட்டா வந்துட்டீங்க, அங்கிள்."

துண்டில் வந்தவள்

இதைச் சொல்லும்போது சிரிப்பு வராது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். ஒரு பிற்பகல், நன்றாக உடுத்திய ஒரு ஆள் தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு கடைக்குள் வந்தார். பையிலிருந்து பூத்துவாலை சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து அவிழ்த்தார். முழங்கை உயரத்தில் ஒரு அம்மன். எங்கள் கடையில் இருக்கிற அம்மன்களைப் போல மினுங்கவில்லை. காலகாலமாக அபிஷேகம் செய்து செய்து மூக்கும் கன்னமும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன. காது மடல் இடுக்கில் காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டியிருந்தது. "எங்க வீட்டுப் பூஜை அறையில இருந்தது சார். பணத்துக்கு அவசரம், அதான்" என்றார் அந்த ஆள்.

முதலாளி குனிந்து பீடத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வளையங்கள். உற்சவத்தில் கம்பு நுழைத்துத் தூக்கிப் போவதற்காக வைக்கிற வளையங்கள். வீட்டுப் பூஜை அறையில் இருக்கிற அம்மனுக்கு அது தேவையே இல்லை. முதலாளி நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. எந்த வம்சம், எந்தக் காலம் என்று அவர் வாய் திறக்காத ஒரே சிலை அதுதான். அவர் நினைத்திருந்தால் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, வெளிநாட்டுக்காரர் எவருக்காவது தள்ளிவிட்டுக் கடையையே இரட்டிப்பாக்கியிருக்கலாம். அவர் சிரித்த முகத்தோடு, கோப்பிக்குச் சொல்வது போல என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: போலீஸுக்குப் போன் பண்ணு, இங்கேயிருந்து வேண்டாம், பக்கத்துக் கடையிலிருந்து. ஊரிலிருந்து வந்தவருக்கு மலாய் தெரியாது. "எனக்குச் சீனி வேண்டாம்மா" என்றார் என்னிடம். நான் பக்கத்து நகைக்கடைக்குப் போய் எண்ணைச் சுழற்றினேன். திரும்பி வந்தபோது நிஜமாகவே கையில் கோப்பி கொண்டுவந்தேன். சீனி போடாமல். அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் போலீஸார் வந்துவிட்டார்கள்.

அப்புறம் விசாரணை, சாட்சி என்று நாங்கள் பலமுறை போய் வந்தோம். அந்த அம்மன் ஒரு சின்னக் கிராமத்துக் கோயிலில் காணாமல் போனவள் என்று தெரிந்தது. மாதங்கள் கழித்து, அவளை ஊருக்கு அனுப்பப் போவதாகவும் பத்திரமாகக் கட்டிக் கொடுக்க முடியுமா என்றும் அதிகாரி ஒருவர் எங்களிடமே கேட்டார். மணியம் அண்ணன் அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, பஞ்சு வைத்து, அதற்குமேல் பையிலிருந்து ஒரு அரக்குப் பட்டுப் புடவையை எடுத்து விரித்தார். அவர் சம்சாரத்தின் கல்யாணப் புடவை. அந்த அம்மாள் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "அண்ணே, இது எதுக்கு அண்ணே?" என்றேன். அம்மனைக் குழந்தையைப் போலத் தூக்கிப் பட்டில் படுக்க வைத்து, முந்தானையை முகம் வரைக்கும் போர்த்திவிட்டார்.

"வரும்போது எவனோ துவாலையில சுத்திக் கொண்டாந்தான். போகும்போதாவது வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி போகட்டும்."

கோயிலைக் கட்டிய ராஜாவின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, சிலையை வடிக்கச் சொன்ன ராணியின் பெயரும் இருக்கிறது, அதற்குப் பிறகு அவற்றை வாங்கியும் வியந்தும் சண்டை போட்டும் "கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்று கேட்டும் வாழ்ந்தவர்களின் பெயர்தான் எங்கேயும் இல்லாததால், கல் கிடைக்காத நான் காகிதத்தில் எழுத வேண்டியதாயிற்று.